மூணு வருஷமா பழைய லேப்டாப், கேமரா, போன் வித்த ஆப்: 3 ஸ்டார், அதுல ரெண்டு சாட் ஹிஸ்டரிக்கு

ஆப்போட பேர சொல்லல, சொல்லி இன்னொரு தகராறு வேண்டாம். செகண்ட் ஹேண்ட் சாமான் விக்கற ஆப்னா எல்லாம் ஏறக்குறைய ஒரே அச்சுல வார்த்ததுதான், போட்டோ போடு, விலை போடு, சாட்ல பேசு, கொரியர்ல அனுப்பு இல்ல நேர்ல பாத்து குடு. இந்த ஒண்ணுல நான் மூணு வருஷமா இருக்கேன். இதுவரைக்கும் வித்தது ரெண்டு லேப்டாப், ஒரு கேமரா, மூணு போன், ஒரு மானிட்டர், ஒரு ஹெட்போன், ஒரு ரௌட்டர் (ரௌட்டருக்கு வந்த மெசேஜ் லேப்டாப்புக்கு வந்ததை விட ஜாஸ்தி, ஏன்னு இன்னிக்கு வரைக்கும் புரியல). வியாபாரம் பண்ற ஆள் இல்ல நானு, வீட்ல சும்மா கெடக்கறத தூக்கிப் போட மனசு வராம விக்கறவன். அந்த மாதிரி ஆளுங்களுக்காகத்தான் இத எழுதறேன். ஆப் எப்படின்னு கேட்டா எல்லாரும் கமிஷன் எவ்ளோ, ஆள் வர்றாங்களா, இத மட்டும்தான் சொல்றாங்க, வந்த ஆள் தகராறு பண்ணா ஆப் யார் பக்கம் நிக்கும்னு யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க.

நல்லத மொதல்ல சொல்லிடறேன். கூட்டம் இருக்கு. சுமாரான விலை போட்டா ஒரு வாரத்துக்குள்ள போயிடும். போட்டோ ஏத்தறது சுலபம், மாடல் பேர அடிச்சா ரேம், ஸ்டோரேஜ் எல்லாம் அதுவே நிரப்பிக்குது. போன் நம்பர் வெளிய தெரியாது, இது பெரிய விஷயம், நம்பர் குடுத்து விக்கற இடத்துல ராத்திரி பதினோரு மணிக்கு கால் வரும். கொரியர்க்காரர் வீட்டுக்கே வந்து எடுத்துட்டுப் போவாரு. வாங்கறவர் குடுக்கற பணத்த ஆப் தன் கையில வச்சிருந்து, பொருள் போய் சேந்து மூணு நாள் யாரும் புகார் பண்ணலன்னா நமக்கு விடும். இந்த மூணு நாள் இருக்கு பாருங்க, கதை எல்லாம் அங்கதான்.

அதுக்கு முன்னாடி சாட். "அவைலபிளா?" இதுல ஆரம்பிக்கும். இருக்குன்னு சொன்னா பத்துல ஏழு பேர் அதோட காணாமப் போயிடுவாங்க. ஆப்லயே ஒரு பட்டன் இருக்கு, அமுக்கினா இந்த கேள்வி தானா போயிடும்போல, பாதி பேரு கை தவறி அமுக்கறாங்கன்னுதான் நெனைக்கறேன். அடுத்து "லாஸ்ட் ப்ரைஸ் சொல்லுங்க ப்ரோ". போட்டோவக் கூட ஒழுங்கா பாத்திருக்க மாட்டாங்க, நேரா லாஸ்ட் ப்ரைஸ். அப்புறம் அடிமாட்டு விலைக்கு கேக்கறவங்க, போட்ட விலையில மூணுல ஒரு பங்கு, கூடவே "இன்னிக்கே வந்து எடுத்துக்கறேன், கேஷ்"னு ஒரு வரி, ஏதோ கேஷ்னா நாம மயங்கிடுவோம்ங்கற மாதிரி. இவங்க மேல எனக்கு இப்ப கோவமே வர்றதில்ல. நூல் விட்டுப் பாக்கறாங்க, அவ்ளோதான். ஆப்ல "குறைந்தபட்ச ஆஃபர்"னு ஒரு செட்டிங் இருக்கு, நான் அத போட்ட விலையில 85 சதவீதத்துல வச்சிருக்கேன், அதுக்கு கீழ யார் ஆஃபர் பட்டன அமுக்கினாலும் எனக்கு வராது. சாட்ல டைப் பண்ணி கேட்டா மட்டும் வரும், அதுக்கு ஒரே வரி சேவ் பண்ணி வச்சிருக்கேன், "இந்த விலைக்கு வராதுங்க, நன்றி". ஏன் வராது, நான் வாங்கினப்ப எவ்ளோ, மார்க்கெட்ல என்ன ரேட்டுன்னு விளக்க ஆரம்பிச்சீங்கன்னா தொலஞ்சீங்க, ஒவ்வொரு விளக்கத்துக்கும் ஒரு எதிர் விளக்கம் வரும், ரெண்டு நாள் ஓடிடும்.

ஆரம்பத்துல இவங்களத்தான் நான் தொல்லை புடிச்ச கஸ்டமர்னு நெனச்சேன். இன்னொரு ரகமும் சேத்துக்கங்க, கேள்வி கேட்டே கொல்றவங்க. அந்த ரகத்துல எனக்கு வாய்ச்சவரு கேமராவுக்கு வந்தவரு.

63 மெசேஜ். எண்ணிப் பாத்தேன். ஷட்டர் கவுண்ட் (இதுவரைக்கும் எத்தன போட்டோ எடுத்திருக்குங்கற கணக்கு) எவ்ளோ, எந்த போட்டோவோட எக்ஸிஃப்ல (ஃபைலுக்குள்ள கேமரா எழுதி வைக்கற விவரம்) இருந்து எடுத்தீங்க, அந்த ஒரிஜினல் ஃபைல அனுப்புங்க, லென்ஸ்க்குள்ள டார்ச் அடிச்சு எடுத்த போட்டோ வேணும், எதிர்ப் பக்கத்துல இருந்தும் வேணும், ரப்பர் கிரிப் எங்கயாவது உரிஞ்சிருக்கா, சென்சார்ல தூசி இருக்கான்னு பாக்க வெள்ளச் சுவத்த எஃப்16ல ஒரு போட்டோ, ஹாட் ஷூல (மேல ஃப்ளாஷ் மாட்டற இடம்) கீறல் இருக்கே ஃப்ளாஷ் நிறைய யூஸ் பண்ணீங்களா. வேலைக்கு நடுவுல ஒவ்வொண்ணா எடுத்து அனுப்பிட்டு இருந்தேன், ஒரு கட்டத்துல பொறுக்க முடியாம "சார் நீங்க வாங்கறீங்களா இல்லயா"ன்னு கேட்டுட்டேன். "வாங்கறதாலதான் கேக்கறேன்"னு பதில் வந்துச்சு.

நேர்ல வந்தாரு. சொந்தமா ஒரு மெமரி கார்டு, ஒரு லென்ஸ், சின்ன டார்ச்சு, கண்ணாடி துடைக்கற துணி. ஒன்றரை மணி நேரம். ஒவ்வொரு பட்டனையும் அமுக்கினாரு, பேட்டரி கதவ நாலு தடவ திறந்து மூடினாரு, வ்யூஃபைண்டர்ல கண்ண வச்சுட்டு டயலை மெதுவா ஒவ்வொரு க்ளிக்கா திருப்பிட்டே போனாரு, ஒரு இடத்துல நின்னுட்டு பின்னாடி ஒரு க்ளிக் போயி மறுபடி முன்னாடி வந்தாரு. "இங்க லேசா வழுக்குது, சாட்ல சொன்னீங்கல்ல, இதானா?" ஆமா சார் இதான். தலைய ஆட்டிட்டு அடுத்த பட்டனுக்கு போயிட்டாரு. தானமா வந்த மாட்டத்தான் பல்லப் புடிச்சுப் பாக்கக் கூடாது, காசு குடுத்து வாங்கற மாட்ட வால் வரைக்கும் பாக்கலாம், தப்பே இல்ல. கடைசியில பேசின விலைய அப்படியே குடுத்தாரு, ஒத்த பைசா குறைக்கல. போயி ரெண்டு நாள் கழிச்சு மறுபடி மெசேஜ், எனக்கு பக்குன்னு ஆச்சு, பாத்தா "ரெண்டாவது ஸ்லாட்ல உங்க கார்டு இருந்துச்சு, ஃபோட்டோ எதுவும் பாக்கல, அட்ரஸ் குடுங்க அனுப்பிடறேன்". வீட்டு விசேஷ போட்டோ எல்லாம் அதுல இருந்துச்சு. ஷட்டர் கவுண்ட் வரைக்கும் பாத்து சொன்ன நான் ரெண்டாவது ஸ்லாட்ட திறந்து பாக்கல.

இப்ப எதிர்ப் பக்கம் வாங்க. அதே ஆப்ல மொத லேப்டாப்ப போட்டப்போ, போட்ட அன்னிக்கே சாயங்காலம் ஒருத்தர் ஒரு கேள்வி கூட கேக்கல, ஆஃபர் இல்ல, லாஸ்ட் ப்ரைஸ் இல்ல, போட்ட விலைக்கு நேரா "வாங்கு" பட்டன அமுக்கி பணம் கட்டிட்டாரு. எனக்கு சந்தோஷம்னா சந்தோஷம். ஆஹா இப்படில்ல இருக்கணும் கஸ்டமர்னு வீட்ல சொல்லிட்டு இருந்தேன். நல்லா பபிள் ராப் சுத்தி அனுப்பினேன்.

போய் சேந்து மூணாவது நாள், பணம் ரிலீஸ் ஆக சில மணி நேரம் இருக்கறப்போ புகார். "பொருள் விவரித்தபடி இல்லை." பேட்டரி நாப்பது நிமிஷம்தான் நிக்குதாம், ஹிஞ்ச் (ஸ்க்ரீன திறந்து மூடற கீல்) லூசாம். பேட்டரி வீக்குன்னு லிஸ்டிங்ல எழுதியிருந்தேன், ஆனா எப்படி எழுதியிருந்தேன்னா "பேட்டரி சுமாரா இருக்கும்"னு. சுமார்னா எவ்ளோ? எனக்கு ரெண்டு மணி நேரம் சுமார், அவருக்கு அஞ்சு மணி நேரம் சுமார். ஆப் சப்போர்ட்ல அத புடிச்சுக்கிட்டாங்க, விவரம் தெளிவா இல்ல, ரிட்டர்ன் ஏத்துக்கணும்னு சொல்லிட்டாங்க. சரி வரட்டும்னு விட்டேன். திரும்பி வந்த பெட்டிய பிரிக்கும்போதே வீடியோ எடுத்தேன் (இந்த ஒரு புத்தியாவது வந்துச்சே), ஆன் பண்ணேன், எல்லாம் மெதுவா ஓடுது. டாஸ்க் மேனேஜர்ல மெமரி பக்கம் போனா 8 ஜிபி. நான் அனுப்பினது 16 ஜிபி, 8 ஜிபி ஸ்டிக் ரெண்டு. அடிப்பக்கம் ஸ்க்ரூவ கழட்டிப் பாத்தா ஒரு ஸ்லாட் வாயத் தொறந்துட்டு காலியா நிக்குது.

சப்போர்ட்டுக்கு எழுதினா "லேப்டாப்பின் சீரியல் நம்பர் பொருந்துகிறது, எனவே வழக்கு முடிக்கப்பட்டது". லேப்டாப் சீரியல் பொருந்தாம என்ன செய்யும், லேப்டாப் அதேதானே, உள்ள இருக்கறதுதானே போச்சு. லிஸ்டிங்ல 16 ஜிபின்னு தேர்வு பண்ணியிருக்கேனேன்னா, அது நீங்களே நிரப்பினதுங்கறாங்க. அதிர்ஷ்டத்துக்கு போட்டோக்களோட சேத்து ஒரு டாஸ்க் மேனேஜர் ஸ்க்ரீன்ஷாட் போட்டிருந்தேன், அழகுக்குத்தான் போட்டேன், அதுல 16 ஜிபின்னும் ரெண்டு ஸ்லாட்ல ரெண்டும் நிரம்பியிருக்குன்னும் இருந்துச்சு. அத வச்சு மூணு தடவ அப்பீல் பண்ணி, பதினோரு நாள் இழுத்தடிச்சு, ரேமுக்கு அவங்களே ஒரு மதிப்பு போட்டு அதுல பாதிய குடுத்தாங்க. வாங்கினவருக்கு முழு ரீஃபண்ட். அவரு சாட்ல எங்கிட்ட பேசின மொத்த வார்த்தை பூஜ்யம்.

இந்த ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தப்பதான் எனக்கு ஒண்ணு உறைச்சுது. கேமராக்காரர் கேட்ட 63 கேள்வியும் எனக்கு சாதகமா இருந்த சாட்சி. டயல் வழுக்கும், கிரிப் ஓரத்துல உரிஞ்சிருக்கு, ஷட்டர் கவுண்ட் இவ்ளோ, எல்லாத்தையும் அவரே கேட்டு நான் பதில் சொல்லி அவரு "ஓகே"ன்னு போட்டது தேதி நேரத்தோட ஆப்புக்குள்ளயே கெடக்கு. நாளைக்கு அவரே மாத்திப் பேசணும்னு நெனச்சா கூட முடியாது. பேசாம வாங்கினவர்கிட்ட எனக்கு ஒண்ணுமே இல்ல. இந்த ஆப்ல தகராறு வந்தா சப்போர்ட்ல இருக்கறவங்க பாக்கறது ரெண்டே ரெண்டு, லிஸ்டிங்ல என்ன இருக்கு, சாட்ல என்ன இருக்கு. வெளிய வாட்ஸ்அப்ல பேசினத காட்டினா கண்டுக்க மாட்டாங்க. அதனாலதான் "வாட்ஸ்அப் நம்பர் குடுங்க ப்ரோ, ஈசியா பேசிக்கலாம்"னு வர்றவங்ககிட்ட நான் இங்கயே பேசலாங்கன்னு சொல்றது, பலருக்கு கெட்ட எண்ணம் இருக்காது, ஆனா எனக்கு ரெக்கார்டு போயிடும்.

அதுக்கப்புறம் நான் மாத்தின முறை இது. யாராவது கேள்வி கேக்காம வாங்கினா நானே கேள்வி கேக்கறேன். பணம் கட்டினதும், பேக் பண்றதுக்கு முன்னாடி, பொருள்ல உள்ள குறைய எல்லாம் ஒரே மெசேஜ்ல எழுதி "இதெல்லாம் உங்களுக்கு சரிதானே, சரின்னா அனுப்பறேன்"னு போடுவேன். சரின்னு பதில் வராம பெட்டிய ஒட்ட மாட்டேன். ஒருத்தர் இதுக்கு கடுப்பாகி "அதான் பணம் கட்டிட்டேன்ல"ன்னாரு, பரவால்லங்க ஒரு சரி மட்டும் போடுங்கன்னேன், போட்டாரு. இன்னொருத்தர் பதிலே போடாம ரெண்டு நாள் கழிச்சு அவரே கேன்சல் பண்ணிட்டாரு, அவர் என்ன ரகம்னு தெரியாது, தெரிஞ்சுக்கவும் ஆசையில்ல.

சுமார், நல்லா இருக்கு, லைட்டா, இந்த வார்த்தையெல்லாம் லிஸ்டிங்ல இருந்து தூக்கிட்டேன். லேப்டாப்னா விண்டோஸ்ல கமாண்ட் ப்ராம்ப்ட்ட திறந்து powercfg /batteryreport-னு அடிச்சா ஒரு ரிப்போர்ட் வரும், அதுல டிசைன் கெப்பாசிட்டி எவ்ளோ, இப்ப முழுசா சார்ஜ் ஏத்தினா எவ்ளோ நிக்குதுன்னு ரெண்டு நம்பர் இருக்கும். ரெண்டாவது லேப்டாப்புக்கு 50,000 மில்லிவாட்-ஹவர்ல 34,000 இருந்துச்சு, அதாவது 68 சதவீதம், அத அப்படியே போட்டேன். ஐபோன்ல செட்டிங்ஸ்லயே பேட்டரி ஹெல்த் சதவீதம் காட்டும், 2018ல வந்த ஐஓஎஸ் 11.3ல இருந்து இருக்கு. ஹார்ட் டிஸ்க்னா ஸ்மார்ட் ரிப்போர்ட்ல (டிஸ்க் தன் நிலைமைய தானே எழுதி வைக்கறது) ரீஅலொகேட்டட் செக்டர், அதாவது கெட்டுப் போயி மாத்து போட்ட இடம், எத்தனைன்னு ஒரு ஸ்க்ரீன்ஷாட். நம்பர்கிட்ட யாரும் வாக்குவாதம் பண்ண முடியாது பாருங்க. அப்புறம் உள்ள இருக்கற ரேம், எஸ்எஸ்டி ஸ்டிக்கர் நம்பரோட ஒரு போட்டோ, இது லிஸ்டிங்ல போடறதில்ல, என்கிட்ட இருக்கும். அடிப்பக்க ஸ்க்ரூ ரெண்டு மேல மினுமினு போட்ட நெயில் பாலிஷ் ஒரு சொட்டு வச்சு க்ளோசப்ல போட்டோ எடுத்து வச்சுக்குவேன், அந்த மினுமினு விழற மாதிரி திரும்ப யாராலயும் வைக்க முடியாது, கழட்டினா தெரிஞ்சிடும். அக்காவோட பாட்டில்தான், எங்கடா போச்சுன்னு ஒரு வாரம் தேடிட்டு இருந்தா.

போன்ல ஐஎம்இஐ நம்பர் (ஒவ்வொரு போனுக்கும் தனியா இருக்கற அடையாள நம்பர்) *#06# அடிச்சா வரும், 15 இலக்கம். சிலர் வாங்கறதுக்கு முன்னாடி முழு நம்பர கேப்பாங்க, திருட்டு போனான்னு செக் பண்ண. நியாயமான கேள்விதான். ஆனா லிஸ்டிங் போட்டோவுல முழுசா தெரியற மாதிரி போடாதீங்க, கண்டவன் எடுத்து யூஸ் பண்ணிக்குவான். சாட்ல, வாங்கற மாதிரி இருக்கறவருக்கு மட்டும் குடுங்க.

எல்லா தகராறும் வாங்கறவன் தப்புன்னு சொன்னா அது பொய். ரெண்டாவது லேப்டாப்ல நான் பண்ண கூத்து வேற. பேட்டரி தனியா கழட்டற மாடல் அது. பத்திரமா இருக்கட்டும்னு பேட்டரிய கழட்டி தனியா ஒரு கவர்ல சுத்தி அதே பெட்டியில வச்சேன். கொரியர்ல ஸ்கேன் பண்ணி நிறுத்திட்டாங்க. கருவிக்குள்ள பொருத்தி இருக்கற லித்தியம் பேட்டரிக்கு ஒரு விதி, கழட்டி இருக்கறதுக்கு வேற விதி, பேட்டரிய மட்டும் தனியா சரக்கா பயணிகள் விமானத்துல ஏத்தறத 2016லயே தடை பண்ணிட்டாங்க, எனக்கு இது எதுவும் தெரியாது. பெட்டி ஆறு நாள் அங்கயே கெடந்துச்சு. வாங்கினவரு தினம் ரெண்டு மெசேஜ், நாலாவது நாள் "ஏமாத்தறீங்களா"ன்னு கேட்டாரு. கோவம் வந்துச்சு, நாலு வரி டைப் பண்ணேன், அனுப்பல, அழிச்சுட்டு ட்ராக்கிங் ஸ்க்ரீன்ஷாட்ட போட்டு "தப்பு என்னோடது, பேட்டரிய தனியா வச்சிருக்கக் கூடாது, கேன்சல் வேணும்னா பண்ணிக்கங்க, முழுப் பணமும் திரும்பும்"னு எழுதினேன். அதோட அடங்கிட்டாரு. பொருள் போய் சேந்ததும் அஞ்சு ஸ்டார் போட்டாரு, "லேட், ஆனா நேர்மை"ன்னு. பணம் அவர் கையில இல்ல, பொருளும் அவர் கையில இல்ல, அந்த இடத்துல நான் இருந்தாலும் தினம் ரெண்டு மெசேஜ் போட்டிருப்பேன்.

நேர்ல குடுக்கறதுல வேற ரகம். சாட்ல ஒரு விலை பேசிட்டு நேர்ல வந்து குறைக்கறவங்க. ஒரு போன் விக்கும்போது ஒருத்தர் கூட ஒரு ஃப்ரெண்ட கூட்டிட்டு வந்தாரு, ஃப்ரெண்டு வாய தொறக்கவே இல்ல, போன வாங்கி வெளிச்சத்துல சாய்ச்சுப் பாத்தாரு, சிம் ட்ரேய கழட்டி உள்ள டார்ச் அடிச்சாரு (தண்ணி பட்டா சிவப்பா மாற ஒரு சின்ன ஸ்டிக்கர் உள்ள இருக்கும், அத பாக்கறாரு, விஷயம் தெரிஞ்ச ஆளுதான்), அப்புறம் மெதுவா வாங்க வந்தவர பாத்து உதட்ட பிதுக்கினாரு. "டிஸ்ப்ளே மாத்தின மாதிரி இருக்கே." ரிகர்சல் பாத்துட்டு வந்த மாதிரி ரெண்டு பேரும் அப்படி ஒரு சோகம். ஐபோன்ல ஜெனரல், அபௌட் போனா, டிஸ்ப்ளே மாத்தியிருந்தா அதுவே சொல்லும், ஐபோன் 11ல இருந்து வந்த மாடல்கள்ல, ஐஓஎஸ் 15.2ல இருந்து. திறந்து காட்டினேன், அங்க ஒண்ணும் இல்ல. உடனே ஃப்ரெண்டு "இல்ல, ஓரத்துல லேசா கீறல்"னாரு. கீறல் சாட்ல இருக்கு, போட்டோவோட. அத எடுத்து காட்டி "இதுக்கும் சேத்துத்தாங்க விலை பேசினோம், உங்களுக்கு புடிக்கலன்னா ஒண்ணும் பிரச்சன இல்ல, நான் கிளம்பறேன்"னு போன பாக்கெட்ல வச்சேன். சத்தம் போடல, மூஞ்சி சுளிக்கல. ரெண்டு நிமிஷம் தள்ளி நின்னு பேசிட்டு வந்து பேசின விலைக்கே வாங்கிட்டாங்க. கிளம்பறேன்னு சொல்றப்போ நிஜமாவே கிளம்பற மனசு இருக்கணும், இல்லன்னா அவங்களுக்கு தெரிஞ்சிடும். அவசரமா காசு தேவைப்படறப்போ நேர்ல விக்கப் போகாதீங்க, மூஞ்சியிலயே எழுதி ஒட்டியிருக்கும்.

இடம் எப்பவும் ஆள் நடமாட்டம் உள்ள, கேமரா உள்ள, ப்ளக் பாயிண்ட் உள்ள இடம். வீட்டுக்கு யாரையும் கூப்பிடறதில்ல. தனியா போற பொண்ணுங்க யாரையாவது கூட கூட்டிட்டுப் போங்க, நானே போறப்போ ஒருத்தன கூட்டிட்டுத்தான் போறேன்.

பணம் பத்தி ரெண்டு விஷயம், ரெண்டும் என்கிட்ட முயற்சி பண்ணாங்க. ஒருத்தன் க்யூஆர் கோட அனுப்பி "இத ஸ்கேன் பண்ணுங்க, பணம் உங்களுக்கு வந்துடும்"னான். ஸ்கேன் பண்ணா பணம் போகும், வராது, எந்த ஊர்லயும் வராது. இன்னொருத்தன் நேர்ல வந்து பணம் அனுப்பிட்டேன்னு ஸ்க்ரீன்ஷாட்ட காட்டினான், பச்ச டிக்கு, என் பேரு, தொகை எல்லாம் பக்காவா இருக்கு, என் கணக்குல வரல. நெட்வொர்க் ஸ்லோ, அஞ்சு நிமிஷத்துல வந்துடும், நான் அவசரமா போகணும்னு துடிக்கறான். வரட்டும் இருங்க, போன் இங்கயே இருக்கட்டும்னேன். ஃபோன் பேசற மாதிரி ஒதுங்கினவன் அப்படியே போயிட்டான். ஜாஸ்தியா அனுப்பிட்டேன், மிச்சத்த திருப்பி அனுப்புங்கன்னு வர்றதும் இதே குடும்பம்தான். உங்க கணக்க நீங்களே திறந்து பாக்கற வரைக்கும் பணம் வரல, அவ்ளோதான்.

ஆப்புக்கு வெளிய கார்டு, பேபால் மாதிரி வழியில பணம் வாங்கினா இன்னொண்ணு தெரிஞ்சு வச்சுக்கங்க, வந்த பணம் வந்ததுதான்னு இல்ல. பணம் கட்டினவர் தகராறு பண்ணி அத திருப்பிக் கேக்கலாம், விசா, மாஸ்டர்கார்டுல பெரும்பாலான தகராறுக்கு 120 நாள் வரைக்கும் டைம் இருக்கு, பேபால்ல 180 நாள். அத்தன நாளைக்கு போட்டோவையும் கொரியர் ரசீதையும் அழிக்காதீங்க. நான் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு ஃபோல்டர் போட்டு ஒரு வருஷம் வச்சிருக்கேன்.

வித்ததுக்கு அப்புறம் வர்ற மெசேஜ்ல பாதி "பழைய அக்கவுண்ட் கேக்குது"ங்கறதா இருக்கும். ஆண்ட்ராய்டுல 5.1ல இருந்து, ஐபோன்ல 2013ல வந்த ஐஓஎஸ் 7ல இருந்து இந்த பூட்டு இருக்கு, ரீசெட் பண்ணாலும் பழைய ஓனரோட அக்கவுண்ட கேக்கும், திருட்டுக்கு எதிரா. மொதல்ல செட்டிங்ஸ்ல போயி அக்கவுண்ட எடுக்கணும், அப்புறம்தான் ரீசெட். நான் ஒரு தடவ மாத்தி பண்ணிட்டேன், வாங்கினவரு என்னை திருடன்னே முடிவு பண்ணிட்டாரு, பாவம் அவரும் என்ன செய்வாரு. அது ஐபோன்ங்கறதால இங்க இருந்தே வெப்சைட்ல போயி நீக்க முடிஞ்சுது. ஓடிபி ஆப்ப புது போனுக்கு மாத்தாம பழசை ரீசெட் பண்றதும் அதே மாதிரி ஒரு தலைவலி, அது வாங்கறவன் குடுக்கறது இல்ல, நமக்கு நாமே வச்சுக்கறது.

ரேட்டிங் பத்தி சொல்லணும். இந்த ஆப்ல வாங்கறவர் நமக்கு ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் போடலாம், நாம அவருக்கு போட முடியாது, போட்டாலும் தம்ஸ் அப் மட்டும்தான். என் ரேம எடுத்தவரு ப்ரொஃபைல் இன்னிக்கும் பளபளன்னு இருக்கு. இது இவங்க கண்டுபிடிச்சது இல்ல, ஈபேல 2008லயே விக்கறவங்க வாங்கறவங்களுக்கு நெகட்டிவ் போடறத எடுத்துட்டாங்க, விக்கறவங்க பழிக்குப் பழி ரேட்டிங் போடறாங்கன்னு வாங்கறவங்க உண்மைய எழுத பயப்படறாங்கன்னு காரணம் சொன்னாங்க. காரணத்துல நியாயம் இல்லாம இல்ல. ஆனா அதோட விலைய குடுக்கறது வீட்ல கெடக்கற ஒரு லேப்டாப்ப விக்கற என்ன மாதிரி ஆளுங்க, நூறு பொருள் விக்கற கடைக்காரருக்கு ஒரு ரேம் போனா கணக்குல அடிபட்டுப் போகும்.

ஈபேன்னதும் ஞாபகம் வருது, 1995ல அது ஆரம்பிச்சப்போ அதுல மொதல்ல வித்த பொருளே ஒரு உடைஞ்சு போன லேசர் பாயிண்டர்தான். ஆரம்பிச்ச பியர் ஒமிட்யார் வாங்கினவர்கிட்ட இது வேலை செய்யாதுன்னு தெரியும்லன்னு கேட்டாராம், தெரியும், நான் உடைஞ்ச லேசர் பாயிண்டர சேகரிக்கறவன்னு பதில் வந்துச்சாம். இந்தத் தொழிலோட மொத பொருளே ரிப்பேரு, மொத பேச்சே "குறை தெரிஞ்சுதானே வாங்கறீங்க"ங்கறது. என் ரேமக் காணாத லேப்டாப்பையும் அப்படித்தான் கடைசியில வித்தேன், "8 ஜிபி, ஒரு ஸ்லாட் காலி, ஹிஞ்ச் வீடியோ பாருங்க"ன்னு எழுதி. வாங்கின பையன் முப்பது கேள்வி கேட்டான், ஒவ்வொண்ணுக்கும் சந்தோஷமா பதில் சொன்னேன்.

சப்போர்ட் பத்தி எழுதினா தனியா ஒண்ணு எழுதணும். மொதல்ல சாட்பாட் (தானா பதில் போடற ப்ரோக்ராம்), அது நாம என்ன கேட்டாலும் "உங்கள் ஆர்டரைத் தேர்வு செய்யவும்"னு சொல்லும். மனுஷன புடிக்க மூணு தடவ "பிரச்சினை தீரவில்லை"ன்னு அமுக்கணும், நாலாவதுல ஆள் வருவாங்க. ஆள் வந்ததும் கதை சொல்லாதீங்க, கோவமா எழுதாதீங்க, தேதி, என்ன அனுப்பினேன், என்ன வந்துச்சு, எந்த போட்டோவுல தெரியுது, இந்த நாலு வரி போதும். என் மொத அப்பீல் ஒரு முழுப் பக்கம் இருந்துச்சு, நேர்மை, நம்பிக்கைன்னெல்லாம் எழுதியிருந்தேன், ஒரு மணி நேரத்துல நிராகரிச்சுட்டாங்க. மூணாவது அப்பீல்ல நாலே வரி, ஒரு ஸ்க்ரீன்ஷாட், ஒரு போட்டோ. அதுதான் செல்லுச்சு.

அந்த டிஸ்ப்யூட் ஃபார்ம்ல அஞ்சு போட்டோவுக்கு மேல ஏத்த விடாது, வீடியோ ஏத்தவே முடியாது. பெட்டி பிரிக்கற வீடியோ, காலி ஸ்லாட் தெரியற வரைக்கும் ஒரே ஷாட்டு, என் போன்ல சும்மா கெடந்துச்சு, காட்ட வழியில்ல. அத மட்டும் சரி பண்ணா நாலு ஸ்டார் போடறேன்.